தண்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய விரல்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே மாவு மில், மேலே குடியிருப்பு. அப்பா வைத்த மில்லை அவருக்குப் பின் அண்ணன் நடத்துகிறான். சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் டின்களில் வரும். மிளகாய் அரைக்கிற நாட்களில் மாடியில் துணி காயப்போட முடியாது.

ஒரு மாசி மாதம், மிளகாய் மும்முரமாக வந்துகொண்டிருந்த சமயத்தில், என் இடது கை மில் பெல்ட்டில் சிக்கியது. அப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெல்ட்டை மறைத்து எப்போதும் ஒரு கம்பி வலை இருக்கும். அதில் ஒரு மூலை விட்டுப்போயிருந்ததால் அந்த வாரம் அண்ணன் அதைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்கு அனுப்பியிருந்தான். நான் கீழே போனபோது அவன் வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். சாக்கு நூல் ஒன்று பெல்ட் ஓரத்தில் தொங்கி ஆடியது. எடுத்துப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் காப்பாற்ற முடியவில்லை. நடுவிரல் முதல் கணுவோடு நின்றுபோனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாக இருந்தன. அண்ணன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தானாம். கம்பி வலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபோது வலை அதன் இடத்தில் இருந்தது.

பேசி முடித்த சம்பந்தம் தானாக நின்றுபோனது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மாப்பிள்ளையை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் வயலினோடு சின்ன வயதிலிருந்தே இருந்தேன். வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் விருதுநகர் போய்க் கற்றுக்கொண்டது. மேடை ஏறும் அளவுக்கு வந்திருந்தேன். வயலினில் ஸ்வரம் பிடிப்பது இடது கை விரல்கள். ஒன்றரை விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாத்தியார் பார்க்க வந்தார், ஆப்பிள் வாங்கி வந்தார், வயலினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். ஒரு நாள் நானே அதைப் பெட்டியில் வைத்து பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் எந்தப் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மில்லில் டின்களை வாங்கி வைப்பது, யாருடையது எது என்று பார்த்துக்கொள்வது, மதினியோடு சமையல். அப்படியே போயிருக்கலாம்.

ஒரு மத்தியானம் மதினியின் போனில் ஏதோ சமையல் வீடியோ முடிந்து, தானாக வேறொன்று ஓட ஆரம்பித்தது. ஒருவர் கிதாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இடது கையில் விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தண்டு. அதைத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார், வலது கை விரல்களில் மாட்டிய உலோக நகங்களால் மீட்டுகிறார். வடக்கத்திப் பாணி ராகம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல், குரல் இழுப்பதைப் போல நகர்ந்தது. என் கண் ராகத்தில் இல்லை. தண்டைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பிடிப்பதற்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மதினி வந்து, "என்னத்தா, அழுவுறியா?" என்றாள். மிளகாய் நெடி என்றேன். அன்றைக்கு அரைத்தது கம்பு.

அண்ணன் மகன் வாங்கித் தூக்கிப் போட்டிருந்த கிதார் ஒன்று பரணில் கிடந்தது. தந்திகள் உயரமாக நிற்க வேண்டும் என்று படித்து, கழுத்துப் பக்கம் ஒரு எலும்புத் துண்டைச் செதுக்கி வைத்து உயர்த்தினேன். பந்தல்குடி சாலையில் ஒரு லேத்துப் பட்டறையில் எஃகுத் தண்டு கடைந்து வாங்கினேன். முதல் மாதம் முழுக்கப் பூனை கத்துவது போல இருந்தது. அரைக்க வந்த ஒரு பெண் மாடியைப் பார்த்து, "ஏத்தா, அது என்னத்தா ஓயாம அழுதுகிட்டே இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாத்தியம் அழுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே.

குரு கிடைத்தது அதற்கும் அடுத்த வருடம். கல்கத்தாவில் இருக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். இந்த வாத்தியத்தையே வாழ்க்கையாக வைத்திருப்பவர். மாணவர்கள் அவரைத் தீதி என்று கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அக்கா என்று அர்த்தம். பள்ளிக்கூட நாட்களில் அப்பா வற்புறுத்தி எழுதவைத்த இந்திப் பரீட்சைகள் அப்போதுதான் உபயோகப்பட்டன. போனில் என் புத்தக இந்தியைக் கேட்டு முதல் நாளே சிரித்தார். பிறகு நிபந்தனை சொன்னார்.

"வீடியோ எனக்கு அனுப்பாதே. நானும் அனுப்ப மாட்டேன். கண் வேலை செய்ய ஆரம்பித்தால் காது சோம்பேறியாகிவிடும். நீ வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. நான் கேட்டுவிட்டுப் பேசி அனுப்புகிறேன்."

கையைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவரே பார்க்க வேண்டாம் என்று சொன்னபோது, சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஊரில் என்னைப் பார்க்கிற எவரும் முதலில் கையைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, பிறகு குரலை மாற்றிக்கொள்வார்கள். அந்த மாறின குரல் இல்லாமல் ஒருவர் என்னிடம் பேசுவதைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

தீதியின் குரல் மாறவே இல்லை. அது எப்போதும் கடுகடுவென்றுதான் இருக்கும்.

"ஏன் ஸ்வரத்தை ஆட்டுகிறாய்? உங்கள் தெற்கில் அது அழகாக இருக்கலாம். இங்கே நில். ஒரு இடத்தில் போய் நிற்க உனக்குத் தெரியாதா?"

"இந்தக் காந்தாரத்தை எங்கே வாங்கினாய்? போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வா."

மில் நின்ற பிறகுதான் என்னால் பதிவு செய்ய முடியும். அந்நேரம் சாலையில் ஷேர் ஆட்டோக்கள் போகும். ஒரு பதிவில் ஆட்டோ ஹாரன் நீளமாக விழுந்துவிட்டது. தீதியின் பதில் வந்தது. "அந்த வண்டிக்காரன் உன்னைவிடச் சுருதியோடு இருக்கிறான். அவனை வகுப்புக்கு அனுப்பு."

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பேன். திட்டு வாங்கிக்கொண்டே நடப்பேன். ஒவ்வொரு திட்டும் சரியாக இருக்கும். எங்கே தப்பு என்று எனக்கே லேசாகச் சந்தேகம் இருந்த இடத்தில் அவர் விரல் வைத்ததுபோல் நிற்பார்.

ஒரு தப்பை மட்டும் பல மாதங்கள் என்னால் திருத்த முடியவில்லை. தண்டு தந்தியைத் தொடும் இடத்துக்கு முன்னால் வருகிற சத்தம்தான் ஸ்வரம். தண்டுக்குப் பின்னாலும் தந்தி அதிரும். அது வேண்டாத முனகல். அதை அமுக்கத்தான் மோதிர விரலும் சுண்டு விரலும். அவை தண்டுக்குப் பின்னால் தந்திகள் மேல் சும்மா படுத்துக்கொண்டு வரவேண்டும். என்னிடம் அந்த இரண்டும்தான் இல்லை.

"பின்னால் முனகுகிறது" என்பார் தீதி. "மறுபடி முனகுகிறது. இன்றைக்கும் முனகுகிறது. மற்ற விரல்களைத் தந்தி மேல் படுக்க வை. எத்தனை தடவை சொல்வது?"

உள்ளங்கை ஓரத்தால் அமுக்கிப் பார்த்தேன். தண்டு சாய்ந்தது. துணி சுற்றிப் பார்த்தேன். கடைசியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை மடித்துத் தைத்து, பாவாடை எலாஸ்டிக் போட்டு, விரல்கள் இருந்த இடத்தில் கையோடு மாட்டிக்கொண்டேன். அது தண்டின் பின்னாலேயே தந்திகளைத் தடவிக்கொண்டு வந்தது. முனகல் அடங்கியது. அன்றைய பதிவை அனுப்பிவிட்டு பயத்தோடு காத்திருந்தேன்.

தீதியின் பதில் வந்தது. "ஆ! இப்போது சரி. இவ்வளவு நாள் அந்த விரல்களை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?"

மொட்டை மாடியில் தனியாக நின்று சிரித்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். மதினி படியேறி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அப்புறம் கல்கத்தாவிலிருந்து தீதியின் மாணவர் ஒருவர் மூலம் சரியான வாத்தியம் ஒன்று வந்தது. ஓரத்தில் சுருதித் தந்திகள், அடியில் தானாக அதிரும் மெல்லிய தந்திகள் எல்லாம் இருந்தன. மார்வா ஆரம்பித்தோம். சூரியன் இறங்குகிற நேரத்து ராகம். பஞ்சமமே கிடையாது. ஆதார சட்ஜமத்தைக்கூட லேசில் தொடக் கூடாது. தொடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போக வேண்டும். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை என்பது போன்ற ராகம். ஒரு வருடத்துக்கும் மேல் அந்த ஒரு ராகத்திலேயே என்னை வைத்திருந்தார். ஒரு மாலை அனுப்பிய பதிவுக்கு இப்படிப் பதில் வந்தது. "தைவதத்தில் நின்றாய். சரியாக நின்றாய். மற்றதெல்லாம் குப்பை" என்றார்.

இன்றுவரை எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். பிறகு வந்தவற்றை நான் பாராட்டில் சேர்ப்பதில்லை.

அண்ணனுக்கு நான் வாசிப்பதில் பெருமை உண்டு. ராகம் ஒன்றும் புரியாது, ஆனாலும் வந்தவர் போனவரிடம் சொல்வான். டவுனில் அவன் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்துக்கு ஆண்டு விழா. கல்யாண மண்டபத்தில், சாயங்காலம். அதில் நான் வாசிக்க வேண்டும் என்று வந்து நின்றான்.

"நேரம் ஒனக்குத் தோதான நேரந்தானம்மா? பொழுது எறங்கையில வாசிக்கிறதுன்னு நீதான சொன்ன?"

"வாசிக்கிறேண்ணே. ஆனா கையப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அதச் சொல்லிரு."

"சொல்லிர்றேன். நீ வந்து ஒக்காந்து வாசி, அம்புட்டுத்தான். மத்தத நான் பாத்துக்கிறேன்."

தீதியிடம் சொன்னேன். "மார்வாவா? சபையிலா? உன்னைக் கல்லால் அடிக்கப் போகிறார்கள். போய் வாசி" என்றார்.

மேடையில் சீரியல் லைட்டுகளும் பிளாஸ்டிக் பூ வளைவும் இருந்தன. பரிசு வாங்க வந்த பிள்ளைகள் மேடையோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். ரிஷபத்தைத் தேடிப்போய், தொட்டுவிட்டு, சட்ஜமத்துக்கு வராமல் விலகினேன். தாளம் இல்லாத, நிதானமான ஆலாபனை. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இன்னும் சுதிதான் சேக்குறாக போல."

அதற்கும் நான் நிற்கவில்லை. நன்றாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பெரிய ஒலிபெருக்கியில் தைவதம் மண்டபம் முழுக்க நின்றதை நானே முதல் தடவையாகக் கேட்டேன். அப்போது என் தோளில் ஒரு கை பட்டது. விழாவைத் தொகுத்துக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியர், கையில் மைக்கோடு குனிந்து நின்றார்.

"அம்மா, ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "இவ்வளவு அற்புதமா வாசிச்ச நம்ம சகோதரி, எந்தக் கையால வாசிச்சாங்கன்னு நீங்க பாக்கணுமா, வேண்டாமா?"

பார்க்கணும் என்று கூட்டம் கத்தியது. அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். தண்டு வாத்தியத்தின் மேல் விழுந்து உருண்டது. கம்பளித் துண்டைக் கழற்றிவிட்டு, கையை மேலே தூக்கிப் பிடித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான் வாசித்தபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது அமைதியாக அழுதார்கள். முன்வரிசையில் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

மறுபடி வாசிக்க நேரம் தரவில்லை. சால்வை போர்த்தினார்கள்.

காரில் வரும்போது, "சொல்லிர்றேன்னு சொன்னியேண்ணே" என்றேன்.

"சொன்னேம்மா. ஆனா சனங்க என்னமா அழுதாகன்னு பாத்தியா? அவரு சொல்லாம இருந்தா அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்குமா?"

யாரோ எடுத்த வீடியோ மூன்றாம் நாள் எல்லார் போனுக்கும் வந்தது. என் கை மேலே உயர்கிறது, கூட்டம் எழுகிறது, அண்ணன் அழுகிறான். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டின் வயலின் கோஷ்டி பொங்கிப் பொங்கி ஒலிக்கிறது. நான் வாசித்தது ஒரு நொடிகூட அதில் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள்.

பிறகு அழைப்புகள் வர ஆரம்பித்தன. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா, மல்லாங்கிணற்றில் ஒரு கடைத் திறப்பு, கல்லூரிகள். எல்லா இடத்திலும் கொஞ்சம் வாசிக்கவிட்டு, நம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தைவதத்தில் நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. மூன்று நான்கு இடங்களுக்குப் போனேன். அண்ணன் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அவ்வளவு மலர்ச்சியாக இருப்பான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

தீதிக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மாணவர் ஒருவர் அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு காலையில் தீதியின் செய்தி வந்திருந்தது. போனைக் காதில் வைத்தேன். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன்.

"என் கண்ணே" என்றது குரல். "என் குழந்தை. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவர் அழுதுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து திட்டு நின்றது. நான் அனுப்புகிற எல்லாப் பதிவுக்கும் ஆஹா, ஆஹா என்று பதில் வந்தது. உன் விரலில் சரஸ்வதி இருக்கிறாள் என்றார். ஓய்வெடுத்துக்கொள், கையை வருத்தாதே என்றார். முதல் வாரம், அவர் அதிர்ச்சியில் இருக்கிறார், சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று. உண்மையிலேயே நான் தேறிவிட்டேனோ என்றுகூட ஒரு ஆசை வந்தது.

ஒரு நாள் சாயங்காலம், மில் நின்ற பிறகு, வேண்டுமென்றே மோசமாக வாசித்துப் பதிவு செய்தேன். கம்பளித் துண்டைக் கழற்றிப் போட்டேன். தண்டுக்குப் பின்னால் தந்திகள் கண்டபடி முனகின. தைவதத்தை ஆட்டினேன். எடுத்த எடுப்பில் சட்ஜமத்தில் போய் உட்கார்ந்தேன். மார்வாவைத் தெரிந்த எவரும் எழுந்து போய்விடுவார்கள். அனுப்பிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். திட்டு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

"அடடா" என்று பதில் வந்தது. "இன்றைக்கு என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவ்வளவு துணிச்சல் உன் வாசிப்பில்! நீ ஒரு வீரப் பெண்."

நேராகப் போன் போட்டேன். நாங்கள் இரண்டு மூன்று தடவைக்கு மேல் நேரடியாகப் பேசியதில்லை.

"தீதி, இன்றைய பதிவில் தப்பு இருந்ததா?"

"உன்னிடம் தப்புச் சொல்ல நான் யார்?"

"நீங்கள் என் குரு."

"இல்லை, நீதான் எனக்கு குரு. என் மாணவர்களிடம் எல்லாம் உன்னைக் காட்டிச் சொல்கிறேன். எல்லா விரலும் இருந்தும் நீங்கள் உழைப்பதில்லையே என்று."

"தண்டுக்குப் பின்னால் முனகியது, தீதி. உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"அதை நினைவுபடுத்தாதே" என்றார். "விரல்களை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று உன்னிடம் கேட்டேனே. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. எவ்வளவு கொடுமைக்காரியாக இருந்திருக்கிறேன்."

"நான் அன்றைக்குச் சிரித்தேன் தீதி. அப்படிச் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது."

"உன் பெரிய மனது அது" என்றார்.

அவருக்குப் புரியவைக்க என் புத்தக இந்தி போதவில்லை. தமிழிலே சொல்லியிருந்தாலும் போதியிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. என்னைத் திட்டுங்கள் என்று ஒருவரிடம் எவ்வளவு நேரம்தான் கெஞ்ச முடியும்? முனகல் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் காதுக்கு அது கேட்காமல் போகாது. கேட்டும் சொல்லாமல் இருந்தார், அதையே கருணை என்று நினைத்தார். போனை வைத்த பிறகு நான் அவருக்குப் பதிவு எதுவும் அனுப்பவில்லை. பண்டிகை நாட்களில் வாழ்த்து வருகிறது. நானும் வாழ்த்து அனுப்புகிறேன்.

அதே வாரம்தான் அண்ணன் போனைக் காட்டிக்கொண்டு மாடிக்கு வந்தான். ஒரு கல்லூரி விழாவுக்கு அடிக்கப்போகிற பிளக்ஸ் போர்டின் படம். போர்டு முழுக்க என் இடது கை. கீழே, 'விரல் போனாலும் விடாத இசை' என்று எழுதியிருந்தது.

"என் மூஞ்சி எங்கண்ணே?" என்றேன்.

"கைதானம்மா முக்கியம்? காலேசுக்காரவுக ரசிச்சு செஞ்சிருக்காக. நல்லாத்தான இருக்கு?"

"நான் வரல. வேண்டாம்னு சொல்லிரு."

"எதுக்கு வரல? ஒனக்கு நல்லது செய்யணும்னுதான நாயா அலையிறேன்? ஊரு பூரா ஒன்னப் பத்திப் பேசுது. என்ன கொறஞ்சுபோச்சு ஒனக்கு?"

"எனக்காக நீ அலையல" என்றேன். "அந்த வாரம் வலையக் கழட்டி அனுப்புனல்ல, அதுக்காக அலையிற. நாலு பேரு கைதட்டுனா ஒனக்கு ஆறுது."

சொன்ன பிறகு என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட இரண்டு தடவை முயன்றான்.

"இம்புட்டு வருசமா இத மனசுல வச்சிருந்தியா?"

"நீ வச்சிருக்கலையா?"

அவன் கீழே போனான். கொஞ்ச நேரத்தில் மில் ஓடும் சத்தம் வந்தது. அரைக்க எதுவும் போடாமல் மில் சும்மா ஓடினால் அந்தச் சத்தம் தனியாகத் தெரியும். மதினி போய் நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பு சரியில்லை என்று கல்லூரிக்காரர்களிடம் அண்ணன் சொல்லிவிட்டான். பிறகு வந்த அழைப்புகளுக்கும் அதையேதான் சொல்கிறான் என்று மதினி சொன்னாள். என்னோடு பேசாமல் இல்லை. மாவு எடுத்து வை, கரண்ட் எப்ப போச்சு, இந்த மாதிரிப் பேசுகிறான். முன்பு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாடியில் என்னோடு உட்காருவான். இப்போது மில்லிலேயே தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். சொன்னது பொய்யில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொன்னதால் ஒரு சுமை இறங்கியது என்றால் அது பொய். இறங்கவில்லை.

மதினியிடம் ஒரு நாள் கேட்டேன், நான் வாசிப்பது எப்படி இருக்கிறது என்று. கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு என்னத்தா தெரியும்? நீ வாசிக்கையில ஒன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். அதுக்காகவே நான் அந்நேரம் மேல வாரதில்ல."

போன தை மாதம் புனேயில் இருக்கிற இன்னொரு குருவுக்கு எழுதினேன். ரொம்பக் கறாரானவர், பாதி மாணவர்கள் ஓடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் எழுதினேன். கையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. என் பெயரும் ஊரும் ஒரு பதிவும் மட்டும். ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார்.

"உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். நீங்கள்தானே அந்த வீடியோவில் இருப்பவர்?" என்றார். குரல் அதற்குள் மாறியிருந்தது. "உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கெல்லாம் ஒரு பாடம்."

"நான் அனுப்பிய பதிவைக் கேட்டீர்களா?"

"கேட்கிறேன். அவசியம் கேட்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அவர் அதைக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

தினமும் மில் நின்ற பிறகு உட்காருகிறேன். பதிவு செய்து, கேட்டு, அழித்துவிடுகிறேன். இப்போது ஸ்ரீ ராகத்தைப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு நானாகவே பழகிக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்து ஸ்ரீ வேறு, அவர்களுடையது வேறு. பஞ்சமத்திலிருந்து ரிஷபத்துக்கு ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். அந்த ரிஷபம் வழக்கமான இடத்தைவிட ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே என்பதை யாராவது கேட்டுச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. சில நாள் அந்த இடத்தில் போய் நின்றுவிட்டதாகவே இருக்கும். மறுநாள் கேட்டால் சுத்தமாகத் தப்பாகத் தெரியும். அதற்கு மறுநாள் மறுபடி சரியாகத் தெரியும். நேற்று தண்டை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அது சரியா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.